கொல்லிமலையில் ஒரு கிடா, ஒரு ஜாடி

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி என நான்கையும் வீழ்த்திவிட்டு, கடைசியாகப் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் அது 152ஆம் பாடல். தான் வேட்டையாடிய மானின் கொழுத்த கறியை ஓரி பாணர் கூட்டத்துக்கு அளித்த செய்தியும் அதே பாட்டில் வருகிறது. அந்த ஐந்து உயிர்களும் இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கின்றன. யானையும் புலியும் உடும்பும் அதன் முதல் அட்டவணையிலேயே உள்ளன. மலையில் யாரும் அவற்றின் மேல் கை வைக்கக் கூடாது. வைக்காமல் இருப்பதே சரி.

ஆனால் ஒருவர் தனி ஆளாக ஒரு விலங்கை முழுதாகக் கையாண்டு, அதன் கறியைப் பல மாதங்களுக்குக் கெடாமல் சேமிக்கும் வேலை மலையில் இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் வயோமிங் புல்வெளிகளில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தனியாகப் போய் பிராங்ஹார்ன் என்ற கொம்பு விலங்கைச் சுட்டு, அதன் கறியால் வீட்டு உறைபெட்டியை நிரப்புகிறவர்கள் உண்டு. இங்கே விலங்கு வீட்டுக் கிடா, உறைபெட்டிக்குப் பதில் பீங்கான் ஜாடி, கறி உப்புக்கண்டமாகிறது. செம்மேட்டுக்கு அப்பால் மிளகும் காப்பியும் வைத்திருக்கும் ஒருவர் இந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்ததை உடனிருந்து பார்த்தேன். அவர் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். இந்த வேலையில் வரிசைதான் எல்லாம். இரத்தம், உடற்சூடு, கொழுப்பு, ஈரம் ஆகிய நான்கும் இதே முறையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற வேண்டும். முந்தைய கட்டத்தில் விட்ட குறையைப் பிந்தைய கட்டத்தில் சரிசெய்ய முடியாது.

முதலில் மாதம். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலான அந்த மேட்டில் ஆனி முதல் கார்த்திகை வரை மழை விட்டு விட்டுப் பெய்யும். மார்கழியிலும் தையின் முற்பாதியிலும் மூடுபனி முற்பகல் வரை கலையாமல் நிற்கும். சித்திரையில் வெயில் போதும், ஆனால் கோடை இடிமழை எந்தப் பிற்பகலிலும் வரலாம், ஈயும் பெருகிவிடும். மாசியின் நடுப்பகுதி முதல் பங்குனியின் நடுப்பகுதி வரையான ஒரு மாதம்தான் பொருந்துகிறது. விடியற்காலை 20 டிகிரிக்கு நன்றாகக் கீழே குளிர்ந்திருக்கும். பகலில் வெயில் அடிக்கும், காற்று வறண்டு வீசும். அறுப்பதற்குக் குளிரும் உலர்த்துவதற்கு வெயிலும் ஒரே நாளில் கிடைப்பது இந்தக் காலத்தில்தான்.

அடுத்தது கிடாவைத் தேர்ந்தெடுப்பது. அவர் பட்டியில் இருந்தவை உடல் முழுவதும் கருத்த, கால் உயர்ந்த வெள்ளாடுகள். சேலம் கருப்பு என்று பெயர் பெற்ற இனம் அது. சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரமே அதன் தாய்நிலம். எடுத்தது காயடித்த கிடா. காயடிக்காத கிடாவின் கறியில் மொச்சை வாடை ஏறியிருக்கும். உலர்த்தும்போது அந்த வாடையும் சேர்ந்து இறுகிவிடும். வாயைத் திறந்து பார்த்தார்: கீழ்த்தாடையின் நடுவில் இரண்டு பெரிய பற்கள், இருபுறமும் பால்பற்கள். இரண்டு பல் போட்ட கிடா என்றால் வயது ஏறக்குறைய ஒன்றேகால் ஆண்டு. இதைவிட இளசாக இருந்தால் கறியில் தண்ணீர் அதிகம், காய்ந்தபின் மிஞ்சுவது குறைவு. நான்கு பல்லைத் தாண்டினால் நார் முரடு. இடுப்பைக் கைக்குள் பிடித்து முதுகெலும்பின் விளிம்பைத் தடவினார். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கூராகக் குத்தக் கூடாது. உப்புக்கண்டத்துக்குக் கொழுத்த ஆடு ஆகாது என்பதால் இந்தச் சோதனைக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மூக்கு ஒழுகவில்லை, புழுக்கை உருண்டையாக விழுகிறது, கண்ணின் உட்சவ்வு வெளுக்காமல் சிவந்திருக்கிறது என்பவற்றையும் பார்த்தார். குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் அந்தப் புட்டியில் அச்சிட்டுள்ள விலக்கு நாட்கள் கழிந்த பிறகே அறுக்க வேண்டும். சாக்கைத் தூளிபோல் கட்டித் தொங்கு தராசில் மாட்டியபோது எடை 22 கிலோ.

முதல் நாள் மாலையே கிடாவைத் தனியாகக் கட்டித் தழையை நிறுத்திவிட்டார். தண்ணீர் மட்டும் வைத்தார். ஏறக்குறைய 12 மணி நேரம் வெறும் தண்ணீரில் இருந்தால் இரைப்பை இளகிச் சிறுத்துவிடும்; மறுநாள் வயிற்றைத் திறக்கும்போது கிழியும் ஆபத்து குறையும். தனியாகக் கட்டினாலும் மற்ற ஆடுகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் கட்டினார். ஆடு மிரண்டு கத்திக் கயிற்றோடு போராடினால் தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகும். உயிர் போனபின் அந்தச் சத்துதான் தசையில் அமிலமாக மாறுகிறது. உயிருள்ள தசையின் pH (அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு) ஏறக்குறைய 7; ஓய்ந்து கிடந்த ஆட்டின் கறியில் அது மெல்ல இறங்கி 5.8 அளவுக்கு வரும், கிருமி வளர்ச்சி அதனால் தடைப்படும். மிரண்ட ஆட்டில் இந்த இறக்கம் நடக்காது. கறி கருத்து, கையில் பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல் ஓடக்கூடிய பிராங்ஹார்னை ஓடும்போது சுடாமல், அது நின்று மேயும்வரை நல்ல வேட்டைக்காரர்கள் காத்திருப்பதற்கும் இது ஒரு காரணம்.

அன்றிரவே கருவிகள் தயார். தோல் உரிக்க வளைந்த முனையுள்ள சூரிக்கத்தி ஒன்று, கறி அறுக்க நேரான கத்தி ஒன்று. இரண்டையும் சாணைக்கல்லில் தீட்டி, கட்டை விரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். வழுக்காமல் பிடித்தால் கூர் போதும். எலும்புக்கு வெட்டுக்கத்தி. அடியில் வைக்கப் புளியங்கட்டை, கசாப்புக் கடைகளில் இருப்பதே. புளிய மரத்தின் அடிமரம் கெட்டியானது, வெட்டு விழுந்தாலும் சிராய் பெயர்ந்து கறியில் ஒட்டுவதில்லை. கட்டையை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, கல் உப்பைப் பரப்பி வைத்தார். பிறகு இரண்டு வாளி வெந்நீர், சோப்பு, இரண்டு முழக் கயிற்றுத் துண்டுகள் நான்கு, வாழை இலை ஒரு கட்டு, ஈயம் பூசிய அகலமான பித்தளைத் தாம்பாளம் ஒன்று.

விடியுமுன் ஐந்து மணிக்கு வேலை தொடங்கியது. கிடாவைக் கண்ணை மறைத்துக் கொண்டுவந்து, கீழ்த்தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இருபுற இரத்தக் குழாய்களும் ஒன்றாக அறும்படி ஒரே இழுப்பில் அறுத்தார். நொடிகளில் நினைவு போய்விடுகிறது. கூரான கத்தியும் தடுமாறாத கையும் இந்த இடத்தில் ஆட்டுக்குச் செய்யும் கடமை. முந்தின இரவு சாணைக்கல்லில் அவ்வளவு நேரம் செலவழித்தது இதற்காக. உடனே பின்னங்கால்களைக் கட்டிப் பலா மரக் கிளையில் தலைகீழாகத் தூக்கினார். இந்த எடையுள்ள கிடாவில் 700 மில்லி அளவுக்கு இரத்தம் வடியும். ஒரு சிட்டிகை உப்புப் போட்ட சட்டியில் அது தனியாகப் பிடிக்கப்பட்டது. சொட்டு நிற்க ஐந்து நிமிடம் ஆனது. கறிக்குள் தங்கும் இரத்தமே முதலில் நாறத் தொடங்கும் என்பதால், முன்னங்கால்களைப் பிடித்து மேலும் கீழும் சில முறை அசைத்து, கடைசி வடிசலையும் இறக்கினார்.

அடுத்து தோல். பின்னங்கால் குதிகால் நரம்புக்கும் எலும்புக்கும் இடையே கத்தி முனையால் துளையிட்டு, அதில் கயிற்றைக் கோத்து, இரு கால்களும் ஒரு முழ அகலத்துக்கு விரியும்படி ஒரு மூங்கில் கழியில் கட்டினார். கணுக்காலைச் சுற்றி ஒரு வட்டக் கீறல், அங்கிருந்து உள்தொடை வழியாக இறங்கும் இரண்டு கீறல்கள், அவை சேரும் இடத்திலிருந்து அடிவயிறு வழியாக மார்புவரை ஒரு நெடுங்கீறல். கத்தியின் கூர்ப்பக்கம் எப்போதும் வெளிநோக்கி இருந்தது. மயிரின் அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்தால் மயிர் நறுங்காது, கறியிலும் விழாது. கீறல் முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதி வேலை முழுவதும் கைமுட்டிதான். இடது கையால் தோலின் விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையை மூடி, தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள வெண்சவ்வில் முட்டியை அழுத்தித் தள்ளுகிறார். சவ்வு ஈரத்துணி கிழிவதுபோல் மெல்லிய ஓசையோடு பிரிகிறது. முட்டி போன வழியில் தசை வழவழப்பாக, ஒரு கீறலும் இல்லாமல், நீலம் பாய்ந்த மெல்லிய சவ்வோடு தெரிகிறது. கத்தியால் உரித்திருந்தால் அந்தச் சவ்வு அங்கங்கே வெட்டுப்பட்டிருக்கும்; வெட்டுப்பட்ட இடமெல்லாம் கிருமிக்கு வாசல், தோலுக்கும் ஓட்டை. விலா அருகே மட்டும் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் கத்தியை எடுக்காமல் கட்டை விரலால் நெம்பினார்.

இதில் அவர் விடாமல் பின்பற்றிய விதி, மயிரைத் தொட்ட கை கறியைத் தொடாது என்பது. இடது கை தோலுக்கு, வலது கை கறிக்கு. இடது கை தவறிக் கறியில் பட்டால் வெந்நீர் வாளிக்குப் போய்விட்டுத்தான் மறுவேலை. உரிக்குமுன் காலில் துளையிட்டு வாயால் காற்று ஊதித் தோலை உப்பவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வேலை விரைவாகும், ஆனால் ஊதுகிறவரின் வாய்க்கிருமி உடல் முழுவதும் பரவும். தனியாக வேலை செய்கிற இவர் அந்தக் குறுக்கு வழிக்குப் போகவில்லை. இருபது நிமிடத்தில் தோல் கழுத்துவரை கழன்று விழுந்தது. அதை மயிர்ப்பக்கம் கீழாக விரித்து, ஒட்டியிருந்த கொழுப்பைச் சுரண்டி, தோலின் எடையில் பாதியளவு உப்பைத் தூவி மடித்து வைத்தார். ஈரோடு, திண்டுக்கல் தோல் தொழிற்சாலைகளுக்கு வாங்கிச் செல்லும் வியாபாரியிடம் அது போய்ச் சேரும்.

வயிற்றைத் திறக்குமுன் இரண்டு முடிச்சுகள். குதத்தைச் சுற்றி அறுத்து, குடலின் முனையைச் சற்று வெளியே இழுத்துக் கயிற்றால் இறுகக் கட்டினார். கழுத்துப் பக்கம் உணவுக்குழாயைத் தனியே பிரித்து அதையும் கட்டினார். இரு முனையும் அடைபட்ட பிறகு உள்ளிருப்பது எதுவும் கறியில் சிந்தாது. அடிவயிற்றில் சிறிய கீறல் போட்டு, அதற்குள் இடது கையின் இரு விரல்களை நுழைத்து, விரல்களுக்கு நடுவே கத்தியைக் கூர் வெளிநோக்கி வைத்தார்; விரல்களும் கத்தியும் சேர்ந்து கீழே இறங்கின. விரல்கள் குடலை உள்ளே தள்ள, கத்தி வயிற்றுத் தசையை மட்டும் அறுத்தது. குடலும் இரைப்பையும் தம் எடையாலேயே வாழை இலை மேல் சரிந்தன.

இங்கே வேலை சற்று நின்றது, சோதனைக்காக. ஈரலைத் தாம்பாளத்தில் வைத்து, பித்தப்பையின் காம்பைப் பிடித்துப் பித்தம் உடையாமல் உரித்தெடுத்தார். பிறகு ஈரலின் தடித்த பகுதியில் ஆழமாக இரண்டு கீறல் போட்டு அழுத்திப் பார்த்தார். தட்டைப்புழு இருந்தால் பித்தக் குழாய்களிலிருந்து பிதுங்கி வெளியே வரும். நுரையீரலையும் ஈரலையும் தடவி நீர்க்கட்டி தட்டுப்படுகிறதா என்றும் பார்த்தார். நீர் நிறைந்த வெண்கட்டிகள் இருந்தால் அந்த உறுப்பை நாய்க்குப் போடக் கூடாது. கட்டிக்குள் இருக்கும் நாடாப்புழுவின் இளநிலை, நாயின் குடலில்தான் முழுப்புழுவாக வளர்கிறது. அதன் முட்டை நாயின் மலத்தோடு கீரைக்கும் தண்ணீருக்கும் வந்து மனிதருக்குள் அதே கட்டியை உண்டாக்குகிறது. அத்தகைய உறுப்பை வேகவைத்தோ எரித்தோ ஆழப் புதைத்தோ அழிக்க வேண்டும். இந்தக் கிடாவின் ஈரல் ஒரே நிறத்தில், விளிம்பு கூராக, சுத்தமாக இருந்தது. ஈரல், சுவரொட்டி, குண்டிக்காய், நெஞ்சு ஆகியவை அன்றைய சமையலுக்கு. குடலும் போட்டியும் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவப்பட்டு அன்று மாலைக்கு. தலையும் கால்களும் நெருப்பில் வாட்டிச் சுரண்டி மறுநாளுக்கு. உப்புக்கண்டத்துக்கு ஆகாதவை எல்லாம் இரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும்படி முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தன.

உடலின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்தார், தண்ணீர் ஊற்றவில்லை. கறியில் சேரும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் பிறகு வெயில்தான் எடுக்க வேண்டும். மார்பெலும்பை வெட்டித் திறந்து, குறுக்கே ஒரு மூங்கில் குச்சியை வைத்து விலாவை அகட்டினார். குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து வெளியேற வழி கிடைத்தது. தொங்கிய உடலின் எடை பத்தரைக் கிலோ, உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மணி ஆறரை. எட்டரை வரை அது பலா நிழலில் தொங்கியது. தொடையின் ஆழத்தில் எலும்பை ஒட்டி இருக்கும் சூடுதான் கடைசியில் இறங்கும். கத்தி முனையால் அங்கே ஒரு துளையிட்டு விரலை நுழைத்துக் குளிர்ச்சி தெரிந்த பிறகே இறக்கினார். வயோமிங் வேட்டைக்காரரும் சுட்ட சில நிமிடங்களிலேயே தோலை உரித்து வயிற்றைத் திறந்து, பனிக்கட்டி நிறைந்த பெட்டியைத் தேடுவது இதே சூட்டை இறக்கத்தான். பிராங்ஹார்ன் வேட்டைக் காலம் பெரும்பாலும் வெயில் முழுதும் தணியாத செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. கொல்லிமலையில் விடியற்காலையே பனிப்பெட்டி.

இனி கூறு பிரித்தல். முன்னஞ்சந்து இரண்டும் தோள்பட்டையோடு கழன்றன. ஆட்டின் முன்னங்கால் உடலோடு எலும்பால் பொருந்தியிருப்பதில்லை, தசையால்தான் ஒட்டியிருக்கிறது, ஆகவே வெட்டுக்கத்தி தேவைப்படவில்லை. பின்னந்தொடைகளை இடுப்புக் கிண்ணத்தின் மூட்டைத் தேடி அறுத்தார். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீண்ட முதுகுத்தசைகள் இரண்டையும் உள்ளிருக்கும் சிறு தசைகள் இரண்டையும் முழுதாக உரித்தெடுத்தார். கழுத்து, விலா, கணைக்கால் ஆகியவை எலும்போடு வெட்டுப்பட்டு, வாழை இலைகளில் கூறு போடப்பட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயின. எலும்புள்ள கறியை அவர் உலர்த்துவதில்லை. எலும்பை ஒட்டிய கறி காய்வதற்குள் எலும்புக்குள்ளிருக்கும் மச்சை கெட்டுவிடும். அக்கம்பக்கத்தார் கிடா அறுக்கும்போது இதே கூறு இவர் வீட்டுக்குத் திரும்பி வருவதால், சேமிக்க முடியாததைச் சேமிக்கும் வழியும் இதில் இருக்கிறது.

தொடையையும் சந்தையும் எலும்பு நீக்கி, தசைகளின் இடையேயுள்ள இயல்பான பிரிவுகளில் விரலை நுழைத்துத் தனித்தனித் தசையாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் கொழுப்பும் தடித்த சவ்வும் முற்றிலும் வழித்தெடுக்கப்பட்டன. உப்பு கறியைக் காக்கும், கொழுப்பைக் காக்காது; காற்றுப் பட்ட கொழுப்பு சில வாரங்களில் காறிப்போய் ஜாடி முழுவதையும் வீணாக்கும். பிறகு கத்தி நாரின் போக்கிலேயே ஓடியது. முக்கால் சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டு விரல் அகலம், சுண்டு விரல் பருமன்: ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர். சமையலுக்கு நாருக்குக் குறுக்கே வெட்டுவோம். உப்புக்கண்டத்துக்கு நார் நெடுக ஓட வேண்டும், அப்போதுதான் தொங்கவிடும்போது அறுந்து விழாது. தென்னாப்பிரிக்காவின் பில்டாங் என்ற உலர்கறிக்கும் இதே வெட்டுதான். பருமன் மட்டும் எதிலும் மாறக்கூடாது. ஒரு துண்டு தடித்துப்போனால் மற்றவை காய்ந்த நாளிலும் அதன் நடு ஈரமாக இருக்கும். முடிவில் தாம்பாளத்தில் கிடந்தது ஐந்து கிலோ கறி, நூற்று இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள், எல்லாம் ஒரே அச்சில்.

உப்பின் அளவு கிலோவுக்கு 60 கிராம், ஆக 300 கிராம். கல் உப்பை இரும்புச் சட்டியில் வெடிப்பு நிற்கும்வரை வறுத்து, உரலில் இடித்து, சலித்து வைத்திருந்தார். அதனோடு 50 கிராம் மஞ்சள் தூள், 100 கிராம் மிளகாய்த் தூள், தன் தோட்டத்து மிளகை வறுத்து இடித்த தூள் 50 கிராம். சில வீடுகளில் பூண்டும் இஞ்சியும் அரைத்துச் சேர்ப்பார்கள். விழுதின் ஈரம் உலர்தலை ஒரு நாள் தள்ளிப்போடும் என்று இவர் அவற்றைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டார். முதலில் உப்பும் மஞ்சளும் மட்டும். துண்டுகளை ஒவ்வொன்றாக இரு கைகளுக்கு நடுவே வைத்து, நுனி முதல் அடிவரை அழுத்தித் தேய்த்து, தாம்பாளத்தில் அடுக்கி, தாம்பாளத்தை ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்தார். கால் மணியில் மேற்பரப்பு மினுங்கத் தொடங்கியது. ஒரு மணியில் தாழ்ந்த விளிம்பில் சிவந்த நீர் தேங்கியது. உப்பு உள்ளே போகும்போது கறியின் நீர் வெளியே வருகிறது. இரண்டு மணி நேரத்தில் ஒரு டம்ளருக்கு மேல் நீர் வடிந்தது. அதைக் கொட்டிய பிறகே மிளகாயும் மிளகும் தடவினார்; முன்பே தடவியிருந்தால் காரம் அந்த நீரோடு போயிருக்கும்.

கோணி ஊசியில் பருத்தி நூல் கோத்து, ஒவ்வொரு துண்டின் நுனியிலிருந்து ஒரு விரற்கடை கீழே குத்தி, துண்டுக்குத் துண்டு இரண்டு விரல் இடைவெளி விட்டு முடிச்சிட்டார். துண்டுகள் ஒன்றோடொன்று உரசினால் உரசும் இடம் காயாது. இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட மூன்று சரங்கள் ஆயின. முற்றத்தில் நட்ட இரண்டு கழிகளுக்கு நடுவே, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக அவை கட்டப்பட்டன. கழிகளின் அடியில் வேப்பெண்ணெய் தோய்த்த துணி சுற்றியிருந்தது, எறும்புக்காக. எல்லாவற்றையும் மூடிக் கொசுவலை, கறியைத் தொடாதபடி நான்கு பக்கமும் அகட்டிக் கட்டியது. ஈ ஒருமுறை உட்கார்ந்தால் முட்டை, மறுநாள் புழு. காக்கைக்கும் பூனைக்கும் அந்த வலையே காவல். நண்பகல் பன்னிரண்டுக்குச் சரங்கள் வெயிலில் இருந்தன.

முதல் நாளின் அந்த ஐந்து மணி நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. மாலைக்குள் மேல்புறம் இறுகிப் பொருக்குத் தட்ட வேண்டும்; விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஐந்து மணிக்கு, பனி இறங்குமுன், சரங்கள் வீட்டுக்குள் வந்து அடுப்புக்கு மேலே ஐந்தடி உயரத்தில் கட்டிய மூங்கில் கொடிக்கு மாறின. இரவு முழுவதும் அடுப்பில் பலா விறகும் கவாத்துச் செய்த காப்பிக் கிளைகளும் தழலாகக் கிடந்தன. சுவாலை எழக் கூடாது. கறி வேகக் கூடாது. கொடியின் உயரத்தில் கையை வைத்தால் இளஞ்சூடாக இருந்தால் போதும். புகை ஈரத்தை விரட்டுகிறது, அதிலுள்ள பொருட்கள் கறியின் மேல் படிந்து பூஞ்சையையும் எஞ்சிய கொழுப்பு காறுவதையும் தடுக்கின்றன. தைல மர விறகை அவர் அந்த அடுப்பில் சேர்ப்பதில்லை. அதன் வாடை கறியை விட்டுப் போகாது.

மறுநாள் முதல் ஒரே ஒழுங்கு. புல்லின் பனி காய்ந்து ஒன்பது மணியளவில் சரங்கள் வெளியே போகும், ஐந்து மணிக்கு உள்ளே வரும், இரவில் புகை. இரண்டாம் நாள் துண்டுகள் சுருங்கி நூலில் தளர்ந்தன. தலைகீழாகத் திருப்பிக் கோத்தார். மூன்றாம் நாள் நிறம் கருஞ்சிவப்பாயிற்று. ஒவ்வொரு மாலையும் ஒரு சரத்தைத் தராசில் மாட்டிப் பார்த்தார். முதலிரண்டு நாளில் எடை வேகமாக இறங்கியது, பிறகு மெதுவாக. இரண்டு மாலைகளின் எடைக்கும் வேறுபாடு தெரியாத நிலை வந்தால் வெயில் எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டது என்று பொருள். ஆறாம் நாள் அந்த நிலை வந்தது. ஐந்து கிலோ கறி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கீழே நின்றது.

எடை சொன்னதைக் கை உறுதி செய்தது. இருப்பதிலேயே தடித்த துண்டை எடுத்து வளைத்தார். வளைந்து நின்றால் போதாது. மரச்சிராய்போல் நார்கள் பிரிந்து ஒடிய வேண்டும். ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினார். விளிம்பு முதல் நடுவரை ஒரே கருஞ்சிவப்பு, நடுவில் பளபளப்பு இல்லை. பளபளப்பாக ஒரு புள்ளி தெரிந்திருந்தாலும் மொத்தமும் இன்னொரு நாள் வெயிலுக்குப் போயிருக்கும்.

சூடான கறியை அப்படியே ஜாடியில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து நீர் கோக்கும். ஆகவே துண்டுகளை நூலிலிருந்து உருவி, துணி விரித்த முறத்தில் இரவு முழுவதும் ஆறவைத்தார். பீங்கான் ஜாடி ஏற்கெனவே வெந்நீரில் கழுவப்பட்டு இரண்டு நாள் வெயிலில் காய்ந்திருந்தது. அடியில் வறுத்த கல் உப்பு ஒரு விரல் உயரம். அதன் மேல் கறி, நெருக்கி அமுக்காமல், குறுக்கும் நெடுக்குமாக. வாயில் இரட்டைத் துணி கட்டி அதன் மேல் மூடி. ஜாடி தரையில் வைக்கப்படவில்லை. அடுப்புச் சுவரை ஒட்டிய பலகையில், எப்போதும் இலேசான சூடு இருக்கும் இடத்தில் வைக்கப்பட்டது. உறைபெட்டியின் கறிக்கு இடைவிடாத மின்சாரமும் மைனஸ் 18 டிகிரிக் குளிரும் வேண்டும். ஆடி மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தாலும் இந்த ஜாடிக்கு ஒன்றும் ஆகாது.

மாதம் ஒருமுறை, நல்ல வெயில் நாளில், கறியை வெளியே கொட்டிப் பரப்பி மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். அப்போது துண்டுகளின் மேல் வெள்ளை படர்ந்திருக்கக் காணலாம். விரலில் ஒற்றிப் பார்த்தால் நெறுநெறுவென்றிருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்தால் அது உப்பு. மேற்பரப்புக்கு வந்து படிந்திருக்கிறது, கவலையில்லை. பஞ்சுபோல் மெத்தென்றிருந்து, தண்ணீரில் கரையாமல் நின்றால் பூஞ்சை. அந்தத் துண்டோடு ஒட்டியிருந்தவற்றையும் எறிந்துவிட வேண்டும். துளைகளும் பழுப்புத் தூளும் தெரிந்தால் வண்டு வந்துவிட்டது. அப்போது ஜாடி முழுவதையும் வெயிலில் கொட்டி, ஒவ்வொரு துண்டாகப் புடைத்து எடுக்க வேண்டும். இப்படிப் பார்த்துவந்தால் மாசியில் போட்ட கறி ஆவணிவரை நிற்கும். மழை பிடித்துவிட்ட பிறகு மட்டும் வெயிலுக்குப் பதில் அடுப்புக்கு மேலேயே ஓர் இரவு.

சமைக்க நான்கு பேருக்கு 100 கிராம் தாராளம், காயுமுன் அது கால் கிலோ கறி. துண்டுகளை இளஞ்சூட்டு நீரில் அரைமணி ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, அம்மியில் வைத்துக் குழவியால் நார் விரியும்வரை தட்ட வேண்டும். வறுவலுக்கு என்றால் கடலை எண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் வதங்கிய பிறகு கறியைப் போட்டு, தணலைக் குறைத்து, விளிம்புகள் மொறுமொறுப்பாகும்வரை கிளற வேண்டும். கேழ்வரகுக் களிக்கு இது இணை. சாமைச் சோற்றுக்குக் குழம்பாக வைப்பதென்றால் மல்லியும் தேங்காயும் அரைத்து ஊற்றி, முக்கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட வேண்டும். கறி தன் உப்பைக் குழம்பில் விட அவ்வளவு நேரம் எடுக்கும். ஆகவே கடைசிக் கொதி அடங்கி ருசி பார்த்த பிறகே, குறைந்தால் மட்டும், உப்பு.